பச்சை பஸ் கல்லூரிக்கு நான் அனுப்பிய இரண்டு பேர்

உயர்கல்வி வழிகாட்டும் பொறுப்பை இந்த ஆண்டு ஆசிரியர்களான உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். யாரும் ஆசைப்பட்டு வாங்குகிற பொறுப்பல்ல இது. ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்த எனக்கும் அது தற்செயலாகத்தான் வந்தது. ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர், "யாரு பாக்குறீங்க?" என்று கேட்டபோது எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் தும்மினேன். "சரி சார், நீங்களே பாருங்க" என்றார்.

கட் ஆஃப் கணக்கு, கலந்தாய்வு இணையதளம், விருப்பப் பட்டியலை எந்த வரிசையில் போடுவது, இதையெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அவை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் சொல்ல வந்தது, என் கையால் ஒரு கல்லூரிக்குப் போன இரண்டு பிள்ளைகளைப் பற்றி. கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஊரிலேயே யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை. பச்சை பஸ் காலேஜ் என்றால்தான் தெரியும்.

நம் பக்கத்தில் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில் பஸ்ஸுக்குத்தான் முதலிடம். வீட்டில் யாராவது ஒருவர் ஷூ கம்பெனிக்குப் போகிறவராக இருப்பார். காலையில் தெருமுனையில் கம்பெனி பஸ் நிற்கும், ஏறினால் போதும், வாழ்க்கை தானாகப் போகும். அந்தப் பழக்கத்தில், பிள்ளைக்குக் கல்லூரி என்றதும், "பஸ் எங்க சார் நிக்கும்?" என்றுதான் கேட்பார்கள். என்ன படிப்பு என்பது அப்புறம். ஒரு குடும்பம் ஒரு கல்லூரியை வேண்டாமென்றது. காரணம், அந்தப் பஸ்ஸின் ஹாரன் ஆம்புலன்ஸ் மாதிரி இருந்ததாம், வீட்டில் பெரியவருக்குப் படபடப்பு வந்துவிடுமாம். வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு தாய்மாமன் வந்தார். மூன்று கல்லூரிகளுக்குப் போனார். மூன்றிலும் கழிவறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினார். அன்று நாங்கள் ஆசிரியர் அறையில் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆலங்காயத்திலிருந்து வந்த ஒரு விவசாயி, ஒரு கல்லூரி முதல்வரிடம் நேராகவே, "உங்க புள்ள எந்த காலேஜ்ல படிக்குது?" என்று கேட்டார். முதல்வர் வேறொரு கல்லூரியின் பெயரைச் சொன்னார். "அப்ப நானும் அங்கயே பாக்குறேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அதற்கும் சிரித்தோம். அவர்கள் இருவரும் என்னைவிட நல்ல வழிகாட்டிகள் என்று எனக்குத் தெரியப் பல ஆண்டுகள் ஆயின. அவர்களாவது எதையோ பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். நான் ஒரு சால்வைக்காகத் தேர்ந்தெடுத்தேன்.

அதைச் சொல்கிறேன்.

மே மாதம் நம் பக்கத்துத் தனியார் கல்லூரிகளில் பேராசிரியர்கள் பாடம் நடத்துவதில்லை. பிள்ளை பிடிக்கப் போவார்கள். ஆளுக்கு இத்தனை பேர் என்று நிர்வாகம் கணக்குக் கொடுத்துவிடும். பைக்கில் நோட்டீஸ் மூட்டையைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அலைவார்கள். அப்படி எங்கள் பள்ளிக்கு வந்தவர் பாலாஜி, பச்சை பஸ் கல்லூரியில் மெக்கானிக்கல் துறை உதவிப் பேராசிரியர். முகம் வெயிலில் கறுத்துக் கன்றியிருந்தது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்:

"சார், எங்க மேனேஜ்மென்ட்ல இந்த வருஷம் சிறந்த வழிகாட்டி விருது உங்களுக்குக் குடுக்குறதா முடிவு பண்ணிட்டாங்க."

"எனக்கா? எதுக்கு?"

"உங்க சேவைக்கு சார்."

நான் தும்மிப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை.

விழாவுக்குப் போனேன். கல்லூரி அரங்கம் நிறைந்திருந்தது. பார்வையாளர்கள் என்று நான் நினைத்த அத்தனை பேரும் விருது வாங்க வந்த ஆசிரியர்கள். மாவட்டத்தில் பிளஸ் டூ இருக்கிற எந்தப் பள்ளியையும் விடவில்லை. கைதட்டுவதற்கென்று தனியாக ஆள் இல்லாததால் எங்களுக்கு நாங்களே தட்டிக்கொண்டோம். பாதி விழாவுக்குள் கை ஓய்ந்துவிட்டது. சால்வைகள் பற்றாக்குறை. மேடையின் இந்தப் பக்கம் ஏறினால் தாளாளர் சால்வை போர்த்துவார், புகைப்படம் எடுப்பார்கள், அந்தப் பக்கம் இறங்கினால் படிக்கட்டில் பாலாஜி நிற்பார்.

"சார், சால்வைய குடுத்துடுங்க. பின்னாடி வர்றவருக்கு வேணும்."

எனக்குப் போர்த்தியபோது அது ஏற்கெனவே பலருடைய வேர்வையில் நனைந்திருந்தது. கேடயம் மட்டும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அதில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. "வீட்டுக்குப் போய் எழுதிக்கோங்க சார். பெட்டிக்குள்ள ஸ்கெட்ச் பேனா இருக்கு" என்றார் பாலாஜி.

தாளாளர் பேசினார். முன்பு தோல் பதனிடும் தொழிற்சாலை வைத்திருந்தவர். அதை மூடிவிட்டு அதே இடத்தில் கல்லூரி கட்டினார். மழை பெய்தால் இன்றும் வகுப்பறைகளில் பழைய வாசனை வரும் என்பார்கள். "எங்க கிட்ட படிச்ச ஒரு புள்ளகூட வேலை இல்லாம வெளிய போனதில்ல" என்றார். நாங்கள் தட்டினோம். அப்புறம் பிரியாணியும் கத்திரிக்காயும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லா விருதாளர்களும் சால்வைக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கேடயத்தில் என் பெயரை நிதானமாக எழுதினேன். அதை டிவிக்குப் பக்கத்தில் வைத்த என் மனைவி உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இன்னாங்க, எழுத்து உங்க எழுத்து மாதிரியே இருக்குது!"

ஒப்புக்குக் கொடுக்கப்பட்ட பெருமைதான் என்று தெரிந்தும் அது உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கல்லூரியைப் பற்றி யாராவது கேட்டால், "நல்ல மேனேஜ்மென்ட், மரியாதை தெரிஞ்சவங்க" என்று சொல்ல ஆரம்பித்தேன். நான் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த ஆண்டு எங்கள் பள்ளியில் முதல் மதிப்பெண் பவித்ரா. அவளுடைய அம்மா செல்வி, ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவில் வேலை. அப்பா இல்லை. பவித்ராவுக்குக் கணக்கு என்றால் உயிர். கரும்பலகையில் கணக்கை முடித்துவிட்டு, அதையே இன்னொரு வழியில் போட்டுக் காட்ட அனுமதி கேட்கிற பெண். வேலூரில் ஒரு மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர வேண்டுமென்று என்னிடம் வந்து சொன்னாள்.

"மேத்ஸ் படிச்சா கடைசியில டீச்சராத்தான் ஆகணும். என்னப் பாரு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். மரியாதையாகத்தான் பார்த்தாள்.

"இன்ஜினியரிங் சேரும்மா. பச்சை பஸ் காலேஜ்ல எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க."

"சாரே சொல்றாரு, வேற இன்னா வேணும்?" என்றார் செல்வி.

சேர்க்கை நாளன்று கூடவே போனேன். மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் என்று எல்லா அசலையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கேட்டார்கள். பவித்ரா தயங்கினாள். "குடும்மா, பத்திரமா இருக்கும்" என்றேன். பத்திரமாகத்தான் இருந்தது. அலுவலகத்தில் ஒரு இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். அதை மறுபடி திறக்க வைப்பதுதான் முடியாமல் போயிற்று.

ஏனென்றால் எனக்குத் தெரியாமல் பவித்ரா மகளிர் கல்லூரிக்கும் விண்ணப்பித்திருந்தாள். ஒரு திங்கட்கிழமை அங்கிருந்து அழைப்பு வந்தது. இடம் கிடைத்துவிட்டது, வெள்ளிக்கிழமைக்குள் அசல் சான்றிதழ்களோடு வர வேண்டும், வராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். மறுநாள் செல்வி கம்பெனி ஏப்ரனோடு பள்ளிக்கு ஓடி வந்தார்.

"சார், புள்ள நேத்துல இருந்து சோறு துன்னல. கணக்குதான் படிப்பேங்குது. அந்தப் பேப்பர மட்டும் வாங்கிக் குடுத்துடுங்க. உங்களுக்குத்தான் அங்க ஆளு தெரியுமே."

எனக்கு ஆள் தெரியும் என்று ஊருக்கே நான்தானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பவித்ராவையும் கூட்டிக்கொண்டு மூவரும் போனோம். அலுவலகத்தில் முதல்வரைப் பார்க்கச் சொன்னார்கள். முதல்வர் தாளாளரைப் பார்க்கச் சொன்னார். தாளாளர் என்னைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார்.

"வாங்க வாங்க, நம்ம அவார்டு சார்! இன்னா சாப்புடுறீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியில் சாய்ந்து, எனக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்ல முயன்றார்.

"சார், நான் தோல் யாபாரத்துல இருந்து வந்தவன். கன்டெய்னர் நெறைச்சு சீல் வெச்சப்புறம் ஒரு பீஸ உருவுனா, அந்த எடத்துல இன்னொரு பீஸ் வெக்கணுமா வேணாமா? காலியா அனுப்புனா பார்ட்டி ஏத்துக்குவானா?"

"இது காலேஜ் சார்" என்றேன்.

"அதான் சார் நானும் சொல்றேன். கிளாஸ்ல அறுபது பேருன்னு அப்ரூவல் வாங்கியிருக்கோம். ஒண்ணு கம்மியானா எனக்கு பேஜாருதான?" பவித்ராவை ஒருமுறை பார்த்தார். "நல்ல சரக்கு. ஃபர்ஸ்ட் செலக்‌ஷன். வுடுறதுக்கு எனக்கும் மனசு இல்ல. ஆனா நீங்க கேக்குறீங்க. பதிலுக்கு ஒண்ணு கொண்டாங்க. மூணாவது செலக்‌ஷன் ஆனாலும் பரவால்ல. எண்ணிக்கை கொறையக் கூடாது, அவ்ளோதான்."

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து மாறுதலாகி வந்திருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பதனிட்ட தோல்களைத் தரம் பிரிக்கும்போது முதல் செலக்‌ஷன், இரண்டாவது, மூன்றாவது என்பார்கள். மூன்றாவது என்றால் வெட்டும் தழும்பும் உள்ளது, கழிவுக்கு ஒரு படி மேலே.

செல்விக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

"யோவ், இன்னாய்யா இது? எங்க லைன்ல இடது ஷூ மாறிப் போனாலே சூப்பர்வைசரு தாம்தூம்னு குதிப்பாரு. நீ ஆளையே மாத்திக் கேக்குற!"

"அம்மா, கோபப்படாதீங்க. டீ சொல்லட்டுமா?" என்றார் தாளாளர். உண்மையிலேயே கனிவாகத்தான் கேட்டார்.

வெளியே வந்ததும் பாலாஜியைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க படிச்சவர்தானே? இது தப்புன்னு உங்களுக்குத் தெரியலயா?"

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என் ஒரிஜினலும் அந்த பீரோலதான் சார் இருக்கு. அஞ்சு பேர் சேத்தா தர்றேன்னாரு. சேத்தேன். அடுத்த வருஷத்துக்கும் அஞ்சு பேருன்னாரு. என்கிட்ட கோச்சுக்கிட்டு இன்னா பண்றது? ஆள் குடுத்தா பேப்பர் குடுப்பாரு. அதுல மட்டும் வாக்கு தவற மாட்டாரு."

இனி நான் செய்ததைக் கவனமாகக் கேளுங்கள். அசல் சான்றிதழ்களை எந்தக் கல்லூரியும் பிடித்து வைக்கக் கூடாது. அது விதி. அந்தச் சுற்றறிக்கை எங்கள் ஆசிரியர் அறையில்தான் ஒட்டியிருந்தது. நேராக ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் ஒரு மனு எழுதிக் கொடுத்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். வெள்ளிக்கிழமைக்குள் நடக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. மனு எழுதினால், இந்தப் பெண்ணை அங்கே சேர்த்தது யார் என்று எழுத வேண்டும். என் பெயர் வரும். கேடயத்தில் எழுதிய பெயர்.

ஆகவே வியாழக்கிழமை காலையில் நான் பிள்ளை பிடிக்கக் கிளம்பினேன்.

என் வகுப்பில் மதிப்பெண் குறைந்தவர்களை ஒவ்வொருவராக நினைவுபடுத்திக்கொண்டு வீடு வீடாகப் போனேன். முதல் வீட்டில், "அவன் போன வாரமே பச்சை பஸ்ல சேந்துட்டான் சார்" என்றார்கள். இரண்டாவது வீட்டில் சிவப்பு பஸ். மூன்றாவது வீட்டில் பையன் பேரணாம்பட்டில் சித்தி வீட்டுக்குப் போய் ஒளிந்துகொண்டிருந்தான், பேராசிரியர்கள் தொல்லை தாங்காமல். டீக்கடையில் உட்கார்ந்தபோது வாணியம்பாடிப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். விழாவில் எனக்கு முன்னால் சால்வையைக் கழற்றிக் கொடுத்தவர். அவர் சட்டையும் நனைந்திருந்தது.

"இன்னா சார், இந்தப் பக்கம்?" என்றேன்.

"சும்மாத்தான். நீங்க?"

"நானும் சும்மாத்தான்."

இருவரும் டீயை ஊத ஆரம்பித்தோம். எனக்கு மனதில் இருந்தது ஒரே பயம்: என் பட்டியலில் மிச்சமிருந்த தினேஷ் வீட்டுக்கு இவர் எனக்கு முன்னால் போய்விடுவாரோ. பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தேன்.

தினேஷ் கடைசிப் பெஞ்ச். பேச மாட்டான். அப்பா ஏழுமலை, தோல் பதனிடும் ஷாப்பில் தோலைச் சுழற்றி ஊறவைக்கிற டிரம் ஓட்டுகிறவர். நான் போனபோது பையன் ஒரு டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டு, அதன் நடுவில் உட்கார்ந்திருந்தான். ஏழுமலை பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"இன்ஜினியரா? இவனா?" அவருக்குச் சிரிப்பு வந்தது. "மார்க்கு ரொம்பக் கம்மியாச்சே சார்."

"பரவால்ல, எடுத்துப்பாங்க. நான் சொல்லியிருக்கேன்."

தினேஷ் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். "சார், ஐ.டி.ஐ.ல ஏ.சி. மெக்கானிக்குக்கு என் பேரு வந்துடுச்சு. திங்கக்கெழம சேரணும்."

"ஐ.டி.ஐ. எப்ப வேணா படிக்கலாம்டா. டிகிரி அப்படியா?"

அவன் யோசித்தான். பிறகு கேட்டான்: "பவித்ரா அங்கதான சார் சேந்துச்சு?"

அவனுக்கு அது ஒன்றுதான் அளவுகோல். வகுப்பில் முதல் மதிப்பெண் எடுத்தவள் சேர்ந்த கல்லூரி என்றால் நல்ல கல்லூரியாகத்தான் இருக்க வேண்டும். வாலாஜாபேட்டை மாமனைப் போல, ஆலங்காயத்து விவசாயியைப் போல, அவனும் சரியான கேள்வியைத்தான் கேட்டான். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நான் இருந்தேன்.

"ஆமாம்" என்றேன்.

அந்த நாளில் அது பொய்யும் அல்ல. பவித்ராவின் சான்றிதழ் அங்கேதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கல்லூரி அலுவலகத்தில் எல்லோரும் கூடினோம். ஏழுமலை பாலாஜிக்கு ஒரு பெட்டி மைசூர்பாகு வாங்கி வந்திருந்தார். பீரோ திறந்தது. பவித்ராவின் உறை வெளியே வந்தது. தினேஷின் உறை அதே இடத்தில் உள்ளே போனது. வராந்தாவில் தினேஷ் பவித்ராவைப் பார்த்துவிட்டான். பள்ளியில் அவளோடு ஒரு வார்த்தைகூடப் பேசாதவன், புது இடம் என்பதால் தைரியம் வந்து, "நீயும் இந்த பஸ்லதான் வருவியா?" என்றான்.

"இல்ல. நான் வேலூர் போறேன்."

"ஏன்?"

பவித்ரா தன் கையிலிருந்த உறையைப் பார்த்தாள். பீரோவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கணக்கில் கெட்டிக்காரி. விடை வந்துவிட்டது. "மேத்ஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அவள் பி.எஸ்சி., எம்.எஸ்சி. முடித்து இப்போது ஆராய்ச்சி செய்கிறாள். ஊருக்கு வந்தால் என்னைப் பார்க்க வருவாள். வந்ததும் முதலில், "தினேஷ் எப்படி இருக்கான் சார்?" என்பாள். என் உடம்பைக் கூட அதற்கப்புறம்தான் விசாரிப்பாள். எனக்குத் தெரியாது என்பேன். தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை. அடுத்த ஆண்டு வேறு ஒருவர் தும்மினார், பொறுப்பு அவருக்குப் போயிற்று. நான் ஓய்வும் பெற்றேன்.

சென்ற ஆண்டு மே மாதம் வீட்டு வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. பச்சை டி சர்ட், நோட்டீஸ் மூட்டை, வெயிலில் கறுத்துக் கன்றிய முகம். பாலாஜி என்றுதான் முதலில் நினைத்தேன்.

"நான் தினேஷ் சார்."

உள்ளே உட்கார வைத்தேன். படிப்பை முடித்துவிட்டான், அரியர் எல்லாம் எழுதித் தீர்த்துவிட்டான். ஆனால் ஒரு கம்பெனியும் எடுக்கவில்லை. வேலை கிடைக்காத எல்லோரையும் கல்லூரியே தன் சேர்க்கைப் பிரிவில் எடுத்துக்கொண்டதாம். அட்மிஷன் எக்ஸிக்யூடிவ். ஒருவர்கூட வேலை இல்லாமல் வெளியே போனதில்லை என்று தாளாளர் சொன்னது சத்தியமான வார்த்தை. வெளியேதான் விடுவதில்லை.

"ஐ.டி.ஐ. அட்மிஷன் வருது சார். இந்த வாட்டியாச்சும் ஏ.சி. மெக்கானிக்கு சேந்துடலாம்னு பாக்குறேன். பத்தாவது மார்க் ஷீட் ஒரிஜினல் கேக்குறாங்க. அது பீரோல இருக்கு. இன்னும் ரெண்டு பேர் சேத்தா தர்றேன்னாரு." கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தான். "பாலாஜி சார்தான் உங்ககிட்ட அனுப்புனாரு. அவரு இப்ப வைஸ் பிரின்சிபால். உங்களுக்கு இதுல அனுபவம் இருக்குன்னாரு."

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்றுகொண்டுதான் சொன்னேன். அவனை எதற்காகச் சேர்த்தேன் என்று, யாருக்குப் பதிலாக என்று, அந்த 'ஆமாம்' என்ன 'ஆமாம்' என்று, ஒன்றும் விடாமல்.

"தெரியும் சார்" என்றான். "சேந்த அன்னிக்கே ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. நாலு வருஷமும் எனக்குப் பேரே எக்ஸ்சேஞ்சுதான். அட்டென்டன்ஸ்லகூட, 'எக்ஸ்சேஞ்ச் வந்தானா'ன்னுதான் கேப்பாங்க. நானும் 'பிரசென்ட்'ம்பேன்."

"என் மேல உனக்குக் கோபம் இல்லயா?"

"அப்பா இன்னும் உங்களப் பத்தி நல்லாத்தான் சார் பேசுறாரு" என்றான். கேள்விக்கு அது பதில் அல்ல என்பது எனக்கும் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது.

அடுத்த திங்கட்கிழமை அவனை அழைத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போனேன். மனுவை நானே எழுதியிருந்தேன். ஒழுங்கான தமிழில், தேதி வாரியாக. மனுதாரர்: நான். எதிர்மனுதாரர்கள்: ஒன்று, கல்லூரித் தாளாளர். இரண்டு, நான். கணினியில் பதிவு செய்த பெண் இரண்டு முறை படித்தார்.

"சார், மேல ஒரு பேரு, கீழயும் அதே பேரு இருக்கு. அப்பா புள்ளையா?"

"இல்லம்மா. ரெண்டும் நான்தான்."

"உங்க மேல நீங்களே குடுக்குறீங்களா?"

"ஆமாம்மா."

எனக்குப் பின்னால் பட்டா மாற்றத்துக்காக நின்றிருந்தவர் எட்டிப் பார்த்தார். "இன்னா பெரியவரே, வீட்ல ஏதாச்சும் சண்டையா?"

அந்தப் பெண் பொறுமையாக முயன்றார். பெயரை அடித்தார், அழித்தார், மறுபடி அடித்தார். "ஏத்துக்க மாட்டேங்குது சார். ரெண்டு எடத்துலயும் ஒரே பேரு, ஒரே போன் நம்பர். கீழ இருக்கறத எடுத்துடட்டுமா? காலேஜ் மேல மட்டும் போதும்தான?"

போதும் என்ற சொல் வாய் வரை வந்துவிட்டது. பாருங்கள், அத்தனைக்குப் பிறகும் வந்தது.

"வேணாம் மேடம்" என்றான் தினேஷ். வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை. "சார் பேரு கீழயே இருக்கட்டும். மேல என் பேர போடுங்க."

அவர் தட்டினார். பெயர், தகப்பனார் பெயர், முகவரி. "தொழில்?" என்றார். அவன் தன் பச்சை டி சர்ட்டை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, "வேலை தேடுறவன்னு போடுங்க" என்றான். கையெழுத்துப் போட்டான். ஒப்புகைச் சீட்டு வந்தது. அதில் என் பெயருக்கு முன்னால் திரு. போட்டு, மரியாதையாகவே, குற்றம் சாட்டப்பட்டிருந்தேன்.

சான்றிதழ்கள் அடுத்த வாரமே வந்தன. யாரும் கொண்டுவந்து கொடுக்கவில்லை. பச்சை பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பிவிட்டார்கள். தெருமுனையில் பஸ்ஸை நிறுத்தி, ஜன்னல் வழியாக உறையை நீட்டி, "எக்ஸ்சேஞ்சு வூடு எதுப்பா?" என்று கேட்டாராம். தினேஷ் ஐ.டி.ஐ.யில் சேர்ந்துவிட்டான். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். இன்ஜினியர் அண்ணா என்று கூப்பிடுகிறார்களாம். பாலாஜியின் சான்றிதழ்கள் இன்னும் பீரோவில்தான். மனு எழுதித் தருகிறேன் என்று இரண்டு முறை ஃபோன் செய்தேன். வைஸ் பிரின்சிபால் ஆன பிறகு எப்படி சார் என்கிறார்.

ஐ.டி.ஐ. திறந்து ஒரு மாதம் இருக்கும். தினேஷ் ஃபோன் செய்தான். பின்னால் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம்.

"சார், அந்த மனு முடிஞ்சுடுச்சுன்னு மெசேஜ் வந்திருக்கு. காலேஜு சர்டிபிகேட் குடுத்துட்டாங்கன்னு போட்டிருக்கு. உங்க மேல நடவடிக்க எடுக்க எடமில்ல, நீங்க ரிடையர்டுன்னு போட்டிருக்கு."

"சரிப்பா."

"கீழ ஒரு கேள்வி கேக்குது சார். இந்த முடிவுல உங்களுக்குத் திருப்தியா, திருப்தி இல்லயான்னு. ஒண்ண அழுத்தணுமாம். இன்னா சார் அழுத்தட்டும்?"

வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகள் இப்படிக் கேட்டதும் சட்டென்று பதில் சொல்லிப் பழகியவன் நான்.

"அத நீதான்பா பாக்கணும்" என்றேன்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "கிளாஸ் நடக்குது சார், யோசிச்சுப் போடுறேன்" என்று வைத்துவிட்டான்.

இது நடந்து பல மாதங்கள் ஆகின்றன. எதை அழுத்தினான் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.